நாற்பத்தொன்றாவது துண்டு

பிப்ரவரி 3

அப்பாவுக்கு,

அம்மா போன்ல ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன். சாப்பிட்டு முடிச்சு, சாவகாசமா உக்காந்து பாருங்க. வேலைக்குக் கிளம்புற அவசரத்துல செருப்பை மாட்டிக்கிட்டே பாத்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிட்டேன்.

லீவுல வந்தப்ப உங்க சட்டையில மைக்கைக் குத்தி ரெண்டு நாள் பின்னாடியே சுத்தி இம்சை பண்ணேனே, அதோட பலன்தான் இது. 'ஒரு தொழிலாளியின் ஒரு நாள்'. பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. எங்க மீடியா வகுப்புல இருபத்திரெண்டு பேர். அதுல எட்டு பேர் முடி வெட்டுறவரைப் பிடிச்சிருக்காங்க. லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடிச்சது நான் ஒருத்திதான். என்ன கொம்பா முளைச்சிருக்குன்னு கேக்காதீங்க, முளைச்சிருக்கு.

படம் மட்டும் போதாதாம். என்னென்ன டிஜிட்டல் கருவி பயன்படுத்தினோம், அது என்ன உதவி பண்ணுச்சு, எதைக் கெடுத்துச்சுன்னு ஒரு கட்டுரையும் எழுதணும். பாதி மார்க் அதுக்குத்தான். நான் நிறைய எழுதலாம்ப்பா. சத்தத்தைச் சுத்தம் பண்ண ஒரு கருவி இருக்கு. பேச்சுக்கு நடுவுல வர்ற இடைவெளி, தடங்கல் எல்லாத்தையும் அதுவே கண்டுபிடிச்சு வெட்டுற கருவி ஒண்ணு இருக்கு. ஒரே பட்டன். நீங்க பேசின பதினாலு நிமிஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஆறு நிமிஷம் ஆயிடுச்சு. அதான், கேக்கும்போது கொஞ்சம் வித்தியாசமா இருக்கும். பாத்துட்டு எழுதுங்க.

கவர்ல ஒரு சம்மதப் படிவம் வெச்சிருக்கேன். 'என் குரலையும் படத்தையும் பயன்படுத்தலாம்'னு நீங்க கையெழுத்து போட்டாத்தான் காலேஜ்ல படத்தை வாங்குவாங்க. மார்ச் 15 கடைசி நாள். அப்பாவுக்கே படிவமான்னு சிரிக்காதீங்க, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

உங்க வாலு


பிப்ரவரி 12

அப்பாவுக்கு,

ஒன்பது நாளாச்சு, ஒரு வரி இல்ல. நான் கடுதாசி போட்டா நாலாம் நாள் எட்டுப் பக்கம் எழுதுற ஆள் நீங்க. அம்மாகிட்ட போன்ல கேட்டேன். "பாத்தாருடி. பாத்துட்டுப் போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டாரு"ன்னு சொன்னாங்க. அன்னிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல.

தப்புதான்ப்பா. நீங்க திக்கற இடத்தையெல்லாம் வெட்டி எடுக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? சத்தியமா யோசிச்சுப் பண்ணலை. நீளம் குறையணும், பட்டன் இருக்கு, அமுக்கிட்டேன். எங்க அப்பா பேசறதுல என்னமோ குறை மாதிரி, நானே அதைத் துடைச்சுப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. ஸ்கூல்ல உங்களை மாதிரி பேசிக் காட்டினான்னு ஒருத்தன் மூக்கை உடைச்சவ நான். நானே இப்படிப் பண்ணிட்டேன்.

எல்லாத்தையும் பழையபடி திரும்பப் போட்டுட்டேன். படக்காட்சிகளைக் குறைச்சு, பேச்சை முழுசா விட்டுட்டேன். ரெண்டாவதா அனுப்பியிருக்கறது அதுதான். இதுதான் நிஜமான நீங்க. எங்க மேடம் கேட்டுட்டுக் கண் கலங்கிட்டாங்க, "ரொம்ப நேர்மையா இருக்கு"ன்னாங்க.

கோபம் இருந்தா திட்டியாவது எழுதுங்க.

வாலு


பிப்ரவரி 17

வாலு,

உங்க மேடம் கண் கலங்கறதுக்கு நான் என்ன வெங்காயமா?

முதல்ல அதைச் சொல்லு. இன்னும் நான் கையெழுத்தே போடலை. அதுக்குள்ள ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டிட்டு, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு எனக்குப் பாடம் வேற.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நான் கோவிச்சுக்கிட்டு மாடிக்குப் போகலை. உங்க அம்மா பக்கத்துல உக்காந்து "என்னங்க, என்னங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அவ தொல்லை தாங்காமத்தான் இயர்போனை மாட்டிக்கிட்டு மேல போனேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி உக்காந்து அந்த முதல் படத்தைப் பதினொரு தடவை கேட்டேன். படம் பாக்கலை, கேட்டேன். என் குரல் அது. தொண்டையும் என்னுது, வார்த்தையும் என்னுது. ஆனா ஒரு வார்த்தை முடிஞ்சதும் அடுத்தது வந்து நிக்குது. தண்ணிக் குழாய் மாதிரி. எனக்கு வயசு நாப்பத்தொன்பது. நான் சொல்ல வந்ததை நான் சொல்லி முடிச்சு, அதை நானே கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் எழுதாம இருந்ததுக்குக் காரணம், என்ன எழுதறதுன்னு தெரியலை. பேனாவுக்குக் கூட அன்னிக்குத் திக்கிடுச்சு.

நீ என்னடான்னா அதைப் பிடுங்கிக்கிட்டு பழசைக் கொடுக்கற. அந்த ரெண்டாவது படத்தை ரெண்டு நிமிஷம் கேட்டேன், நிறுத்திட்டேன். அதைத்தான் தினமும் கேக்கறேனே, சினிமா வேற எதுக்கு?

முதல் படம்தான் போகணும். அதுல ஒரே ஒரு குறை. சத்தத்தைச் சுத்தம் பண்ணேன்னு சொல்லி லிஃப்ட்டோட சத்தத்தையும் துடைச்சுட்ட. வண்டி வந்து நிக்கும்போது மேல பிரேக் 'டக்'குனு பிடிக்கும். அந்த 'டக்'கை வெச்சுத்தான் எது சரியா இருக்கு, எது தேய்ஞ்சிருக்குன்னு நான் சொல்றேன். படத்துல நான் காதை வெச்சுக் கேக்கறேன், மெஷின் ஊமையா நிக்குது. பாக்கறவன் எனக்குப் பைத்தியம்னு நினைப்பான்.

படிவம் என்கிட்டயே இருக்கட்டும். ரெண்டாவது படத்துக்குக் கையெழுத்து கிடையாது.

அம்மா நல்லா இருக்கா. நீ சாப்பிடலைன்னு கேட்டு அவளும் சாப்பிடலை. ரெண்டு பேரும் ஒழுங்கா சாப்பிடுங்க.

அப்பா


பிப்ரவரி 22

அப்பாவுக்கு,

நீங்க கோவிச்சுக்கலைன்னு படிச்சதும் முதல்ல சிரிச்சேன், அப்புறம் எனக்குத்தான் கோபம் வந்துச்சு.

பத்து நாளா நான் இங்க குற்றவாளி மாதிரி சுத்தியிருக்கேன். கட்டுரையைப் பாதி எழுதிட்டேன். 'இந்தக் கருவி ஒரு மனிதனின் பேச்சைத் திருத்தத் தகுதியற்றது'ன்னு முதல் பத்தியே அதுதான். இப்ப நீங்க அந்தப் பட்டனுக்கே வக்காலத்து வாங்கறீங்க!

உங்களுக்குப் புரியலைப்பா. இது டாக்குமெண்டரி. உள்ளதை உள்ளபடி காட்டணும். நாளைக்கு யாராவது உங்களை நேர்ல பாத்துப் பேசினா, "உங்க பொண்ணு ஊரை ஏமாத்திட்டா"ன்னு சொல்ல மாட்டாங்களா? நீங்க திக்கறதுல எனக்கு வெக்கம் இல்ல, ஒரு நாளும் இருந்ததில்ல. உங்களுக்கு மட்டும் ஏன்? அந்த முதல் படத்துல பேசறது நீங்க இல்லப்பா. மெஷின் பேசுது.

பிரேக் சத்தம் பத்திச் சொன்னது மட்டும் சரி. அதைத் திரும்பப் போட்டுடறேன்.

மார்ச் 15க்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. தயவுசெஞ்சு ரெண்டாவதுக்குக் கையெழுத்து போட்டு அனுப்புங்க.

வாலு


பிப்ரவரி 27

வாலு,

நான் இல்லையா அது?

சரி. நீ படிச்சவ. உள்ளதை உள்ளபடின்னு சொல்ற. உள்ளதுல கொஞ்சம் நானும் சொல்றேன், கேளு.

எங்க கட்டடத்துல ஒன்பது மாடி, நாலு லிஃப்ட். வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவையாவது யாராச்சும் உள்ள மாட்டிக்குவாங்க. உள்ளே மாட்டினவங்களுக்கு முதல்ல வேண்டியது காத்து இல்ல, வெளிச்சமும் இல்ல. வெளிய ஒரு ஆள் இருக்கான்னு தெரியணும். அது தெரிஞ்சா பாதி பயம் போயிடும். மத்த மெக்கானிக்கெல்லாம் கதவுகிட்ட நின்னு "பயப்படாதீங்க, வந்துட்டேன், ரெண்டு நிமிஷம்"னு கத்துவாங்க. அந்த நேரத்துல எனக்குச் சுத்தமா வராது. அவசரத்துல கை விட்டா அண்டாவுக்குள்ளயும் போகாதும்பாங்க, என் நாக்கு அந்த ஜாதி. அதனால நான் ஸ்பேனரால கதவுல மூணு தட்டு தட்டுவேன். கொஞ்சம் விட்டு மறுபடி மூணு. பதினஞ்சு வருஷமா மூணு தட்டுதான் என் பேச்சு. சிலருக்குப் புரியும். சிலர் இன்னும் பயந்துபோய்க் கத்துவாங்க.

உன் முதல் படத்துல, லிஃப்ட்ல மாட்டினா என்ன பண்ணணும்னு நான் ஒரு நிமிஷம் பேசறேன் பாரு. கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க, கீழ உக்காருங்க, நான் வந்துக்கிட்டிருக்கேன். அவ்வளவு அழகா வருது. இத்தனை வருஷம் அந்தக் கதவுக்கு உள்ளே நின்னவங்களுக்கு நான் அப்படிச் சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு மாடியில உக்காந்து நினைச்சுப் பாத்தேன். வெக்கம்னு நீ சொல்ற. வெக்கம் எனக்கு எப்பவோ செத்துப் போச்சும்மா. இது ஆசை.

படிவத்துல கையெழுத்து போட்டிருக்கேன். 'முதல் படத்துக்கு மட்டும்'னு பக்கத்துல எழுதியிருக்கேன். வேணாம்னா கிழிச்சுப் போட்டுடு. முடி வெட்டுறவர் யாராவது ஒன்பதாவதா கிடைப்பாரு.

அப்பா


மார்ச் 4

அப்பா,

கடுதாசியை மூணு தடவை படிச்சேன். மெஷின் பேசுதுன்னு எழுதின கையை உடைக்கணும். மன்னிச்சுடுங்க. அதை இனிமே எடுத்துக் காட்டாதீங்க, சண்டை வரும்போது கூட.

முதல் படமே போகட்டும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். கட்டுரையைக் கிழிச்சுட்டு மறுபடி எழுத உக்காந்தேன். எத்தனை இடத்துல வெட்டியிருக்குன்னு எண்ணிக்கை போடலாம்னு அந்தக் கருவியைத் திறந்தேன். வெட்டின துண்டை அது தூக்கிப் போடறதில்லைப்பா. கீழ ஒரு வரிசையில நம்பர் போட்டு அடுக்கி வெச்சிருக்கு. மொத்தம் அறுபத்து மூணு. ஒண்ணொண்ணா கேட்டேன்.

உண்மையைச் சொல்லிடறேன். நான் அதுவரைக்கும் உங்க பேச்சை முழுசா கேட்டதே இல்ல. வெட்டினப்ப ஒரு பட்டன், திரும்பப் போட்டப்பவும் ஒரு பட்டன். மேடம்கிட்ட காட்டினப்ப நான் அவங்க மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

நாப்பத்தோராவது துண்டு பதினொரு நொடி. "இந்த வேலையில ரொம்பப் பயந்தது எப்போ?"ன்னு நான் கேட்ட கேள்விக்கு நீங்க சொன்ன பதில். படத்துல அது இப்படி வருது: "ஒரு தடவை உள்ள மாட்டினது என் பொண்ணு." அவ்வளவுதான், வழவழன்னு போயிடுது. வெட்டின துண்டுல வேற இருக்கு. "மாட்டினது"ன்னு சொல்லிட்டு உதட்டை மூடறீங்க. திறக்க மாட்டேங்குது. மூச்சு மட்டும் முட்டுது. மறுபடி மூடறீங்க. மறுபடி. நாலாவது தடவை ஒரு எழுத்து, அரை எழுத்து. அப்புறம் விட்டுட்டு "என் பொண்ணு"ன்னு சொல்றீங்க.

அது என் பேரா அப்பா?

நான் எதிர்லதான் இருந்தேன். கேமரா பின்னாடி. சத்த அளவைக் காட்டுற பச்சைக் கோடு ஆடாம நின்னுடுச்சேன்னு அதையே பாத்துக்கிட்டிருந்தேன், மைக் போயிடுச்சோன்னு. உங்களைப் பாக்கலை.

நீங்க என்னை வாலுன்னு கூப்பிடறது நான் பண்ற சேட்டையாலன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். இருபது வருஷத்துல உங்க வாயால என் பேரைக் கேட்டதில்லைன்னு எனக்குத் தோணவே இல்ல.

அஞ்சு வயசுல உங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கு. வெளிய மூணு தட்டு கேட்டுச்சு. நானும் செருப்பைக் கழட்டி மூணு தட்டு தட்டினேன். விளையாட்டுன்னு நினைச்சேன்.

இந்தக் கவர்ல உங்க படிவத்தைத் திருப்பி வெச்சிருக்கேன், கூடவே அறுபத்து மூணு துண்டுக்கும் பட்டியல் எழுதி வெச்சிருக்கேன். எந்த நிமிஷம், எத்தனை நொடி, என்ன வார்த்தைக்கு முன்னாடி. எல்லாத்தையும் அம்மா போனுக்கும் அனுப்பிட்டேன். எது போகணும், எது இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க. பட்டனும் வேணாம், நானும் வேணாம்.

உங்க பொண்ணு


மார்ச் 9

வாலு,

சர்வீஸ் தாளோட பின்பக்கத்துல எழுதறேன், வீட்டுல பேப்பர் தீந்துடுச்சு.

ஆமாம், உன் பேர்தான்.

நீ பொறந்தப்ப உங்க அம்மா சொன்னா, "உங்க வாய்க்குச் சுலபமா வர்ற மாதிரி வெப்போம்"னு. நான்தான் ஒத்துக்கலை. அந்தப் பேரு எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. என் நாக்கு சௌகரியத்துக்காக ஒரு குழந்தை ஆயுசு பூரா வேற பேரைச் சுமக்கணுமான்னு நினைச்சேன். பதிவு பண்ற இடத்துல கவுண்ட்டர்ல இருந்தவர் "பேரு, பேரு"ன்னு அவசரப்படுத்தினாரு. துண்டுச் சீட்டுல எழுதி நீட்டினேன். வந்துடும், பழகினா வந்துடும்னு ஒரு தைரியம். உதடு ரெண்டும் ஒட்டிக்கிட்டா திறக்காத எழுத்து அது. வாலுன்னா வாய் தானாத் திறக்கும். நீ சேட்டை பண்ண ஆரம்பிச்சது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு. பேருக்குத் தகுந்த மாதிரி நீயா மாறிட்ட, அது என் அதிர்ஷ்டம்.

அன்னிக்கு நீயும் அம்மாவும் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தீங்க. அம்மா வெளிய நிக்க நீ முந்திக்கிட்டு உள்ள ஓடின, கதவு மூடிடுச்சு. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. உள்ளேர்ந்து "அப்பா, அப்பா"ன்னு கத்தற. நான் கதவுல நெத்தியை வெச்சுக்கிட்டு நிக்கறேன். உன் பேரை ஒரு தடவை சொல்லிட்டா போதும், உனக்குத் தெரிஞ்சுடும். வரலை. கையில ஸ்பேனர் இருந்துச்சு, அதால தட்டினேன். நீ கத்தறதை நிறுத்திட்டு உள்ளேர்ந்து மூணு தட்டு தட்டின பாரு, அங்கேயே உக்காந்து அழுதேன். அந்த மூணு தட்டு அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். மத்தவங்களுக்கெல்லாம் அப்புறம்தான்.

பட்டியலைப் பாத்துட்டேன். எனக்கு இது பழகின வேலை. மாசா மாசம் அறுபது அயிட்டத்துக்கு டிக் அடிக்கறவன் நான். ஒவ்வொரு துண்டையும் கேட்டு, பக்கத்துலயே எழுதியிருக்கேன். அம்பத்தேழு போகலாம். அதெல்லாம் சும்மா முட்டல், எண்ணெய் இல்லாத கீல் மாதிரி, இருந்தா யாருக்கும் லாபம் இல்ல. ஆறு இருக்கட்டும். பன்னெண்டாவது, ஏன்னா அங்க நான் திக்கலை, யோசிக்கறேன். உங்க கருவிக்கு ரெண்டும் ஒண்ணு. முப்பதாவது, அதுல பின்னாடி அம்மா தும்மறா. அம்பத்தஞ்சு, அம்பத்தாறு, அறுபத்து மூணுக்கும் காரணம் எழுதியிருக்கேன், படிச்சுக்கோ.

நாப்பத்தொண்ணு கண்டிப்பா இருக்கணும். ஒரு நொடி கூடக் குறைக்காதே.

படிவத்தைத் திருத்திப் போட்டு அனுப்பியிருக்கேன். 'முதல் படத்துக்கு மட்டும்'னு எழுதினதை அடிச்சுட்டேன்.

அப்பா


மார்ச் 16

அப்பா,

நேத்து கொடுத்துட்டேன். கடைசி நாள், கடைசி மணி நேரம், வழக்கம்போல. எட்டு நிமிஷம் நாப்பது நொடி. பிரேக்கோட 'டக்' உள்ள இருக்கு.

கட்டுரையில உங்களைப் பத்தி எழுதின இடத்தை மட்டும் அப்படியே தர்றேன். மார்க் குறைஞ்சா நீங்கதான் பொறுப்பு.

'இடைவெளிகளை நீக்கும் கருவி அறுபத்து மூன்று இடங்களில் வெட்டியது. நான் முதலில் அதை அப்படியே நம்பினேன். பிறகு அப்படியே வெறுத்தேன். இரண்டு முறையும் பேசியவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டபோது அவர் பட்டியலை வாங்கி, ஐம்பத்தேழு வெட்டுகளை ஏற்றுக்கொண்டார், ஆறை மறுத்தார். இந்தப் படத்தின் ஒலித்தொகுப்பாளர் என்று அவர் பெயரையே போட்டிருக்கிறேன்.'

நிஜமாத்தான். கடைசியில ஓடுற எழுத்துல உங்க பேரு ரெண்டு தடவை வருது.

28ஆம் தேதி காலையில பத்து மணிக்கு காலேஜ்ல திரையிடல். நீங்களும் அம்மாவும் வரணும். யாரும் உங்களைப் பேசச் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். அப்படி எவனாவது மைக்கை நீட்டினா நான் பிடுங்கிக்கறேன். வாங்கப்பா.

வாலு (இந்தப் பேரும் எனக்குப் பிடிச்சிருக்கு, மாத்த வேணாம்)


மார்ச் 31

வாலு,

நல்லபடியா வந்து சேந்தோம். பஸ்ல அம்மாவுக்கு ஜன்னல் சீட். வழி பூரா பக்கத்துல இருந்தவங்ககிட்ட "எங்க பொண்ணு எடுத்த படம்"னு ஒரே அளப்பு. படத்துல தும்மினது தான்தான்னு வேற சொல்லிக்கிட்டா.

அன்னிக்கு நேர்ல உன்கிட்ட சொல்ல முடியலை, அதான் எழுதறேன். நீ புரொஜெக்டர் ரூம்ல இருந்த, உனக்குத் தெரியாது. நாங்க மூணாவது வரிசையில இருந்தோம். அந்த நாப்பத்தோராவது இடம் வந்துச்சு. நான் உதட்டை மூடிக்கிட்டு நிக்கறேன், ஹால் பூரா நிசப்தம். உட்கார்ந்து பாத்தா பதினொரு நொடி எவ்வளவு நீளம்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. என்கிட்ட பேசறவங்களோட பொறுமையை நினைச்சுக் கும்பிட்டேன். அப்ப பின்வரிசையில ஒருத்தர் "சவுண்டு போயிடுச்சு, சவுண்டு!"ன்னு குரல் கொடுத்தாரு. நான் திரும்பி, "இ... இருங்க. வரும்"னேன். அத்தனை பேர் நடுவுல. கொஞ்சம் இழுத்துச்சு, ஆனா சொல்லிட்டேன். அவரும் "சரிங்க"ன்னு உக்காந்துட்டாரு. உங்க அம்மா என் கையைப் பிடிச்சது படம் முடியறவரைக்கும் விடலை.

இன்னொரு விஷயம். நேத்து மதியம் சாப்பாட்டு வேளையில மெஷின் ரூம்ல, நாலு லிஃப்ட்டையும் நிறுத்தி வெச்சுட்டு, அம்மா போன்ல நானே ஒண்ணு பதிவு பண்ணேன். உனக்கு அனுப்பியிருக்கேன். எந்தக் கருவியிலயும் போடாதே. முதல்ல மூணு தட்டு கேக்கும், பயப்படாதே, நான்தான். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்காது. போன் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு அணைச்சுடாதே.

இரு. உன் பேர் வரும்.

அப்பா